பவுண்டுக்கு வந்த பெருமாள் மாடு

எங்கள் பக்கத்தில் மிருகத்தை வெறும் மிருகமாகப் பார்க்கிற பழக்கம் எப்போதுமே கிடையாது. உறையூருக்குப் பழைய பேர் வந்ததே ஒரு கோழியால்தான். அது பட்டத்து யானையை எதிர்த்து நின்று விரட்டியதாம். இந்த மண்ணில் ஏதோ இருக்கிறது என்று சோழ ராஜா அங்கேயே தலைநகரைக் கட்டிக்கொண்டாராம். திருவானைக்காவலில் ஒரு யானையும் ஒரு சிலந்தியும் ஒரே சுவாமிக்குப் பூஜை செய்யப் போட்டியிட்டுச் செத்துப்போயின. சிலந்தி மறுபிறவியில் ராஜாவாகப் பிறந்து, யானை நுழைய முடியாத கோயில்களாகவே கட்டித் தீர்த்தது. ஸ்ரீரங்கத்தில் விடியற்காலையில் பெருமாள் கண் விழித்ததும் முதலில் பார்ப்பது பசுவையும் யானையையும்தான். மனிதர்களின் முறை அதற்கப்புறம்.

அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பல வருஷம் மாடுகளுக்கு ரிஜிஸ்தர் எழுதினேன். எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

பவுண்டு என்றால் இப்போதுள்ளவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. அடுத்தவன் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கிற பட்டி அது. நாலு பக்கம் மண்சுவர், ஒரு கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு காவல்காரர். சட்டம் மிகத் தெளிவானது. மாடு உள்ளே வந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். யாரும் வராவிட்டால் நோட்டீஸ் ஒட்டி, பிடிபட்ட இடத்திலும் சந்தையிலும் தண்டோரா போட வேண்டும். அதிலிருந்து இன்னும் ஏழு நாள். அப்போதும் வராவிட்டால் ஏலம். மாட்டைத் திரும்பக் கேட்டு வருகிறவர் அதன் உரிமையாளராகவோ உரிமையாளரின் ஏஜென்டாகவோ இருக்க வேண்டும். ஆபீஸைச் சேர்ந்தவர்கள் ஏலம் கேட்கக் கூடாது. மனிதர்கள் காணாமல்போனால் இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு கிடையாது என்பதை நான் அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறேன்.

காவல்காரராக இருந்தவர் ஒரு ராவுத்தர். பாலக்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், வாயைத் திறந்தால் மூடமாட்டார். பவுண்டுக்கு வரும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பட்டப்பேர் வைப்பார். அந்தப் பேரெல்லாம் எங்கள் ஆபீஸ்காரர்களிடமிருந்து எடுத்ததாக இருக்கும். சுற்றிச் சுற்றி வருவது செக்குமாடு, அதாவது டெஸ்பாட்ச் குமாஸ்தா. எங்கே விட்டாலும் மேய்வது கோயில் காளை, அதாவது இன்ஸ்பெக்டர். எதற்கும் தலையாட்டுவது பூம்பூம் மாடு. அது யார் என்று அவர் சொன்னதில்லை. என் எதிரில் சொன்னதில்லை.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், ஆடி மாதத்தில் ஒரு காளை வந்தது. பிடித்துக்கொண்டு வந்தவர் உறையூர் நெசவுக்காரர். விடிந்ததும் தெருவில் நூலைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட்டிருக்கிறார். உள்ளே போய் ஒரு வாய் நீராகாரம் குடித்துவிட்டு வருவதற்குள் இந்தக் காளை வந்து கஞ்சிப் பசையை நக்கி, நூலோடு சேர்த்து மென்றுகொண்டிருந்ததாம். பத்து நாள் உழைப்பு போச்சு என்றார். காளையின் முதுகில் தடியடி இரண்டு தெரிந்தது. அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ரிஜிஸ்தரில் அதற்குக் கலம் கிடையாது.

நான் அடையாளங்களை எழுதிக்கொண்டேன். சாம்பல் வெள்ளை. நடுத்தர உயரம். கொம்பு இரண்டும் உள்ளே வளைந்தவை. வயது எட்டுக்கு மேல். நெற்றியில் நீள வாட்டில் மூன்று கோடாக மயிர் தேய்ந்து தோல் தெரிந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, 'ஆறிய புண்' என்று எழுதினேன். உபயோகம் என்ற கலத்தில் உழவு, பாரம், இனப்பெருக்கம் என்று மூன்று உண்டு. நுகத்தடி பட்ட காய்ப்பு கழுத்தில் இல்லை. வண்டி இழுத்த தழும்பும் இல்லை. எதற்கும் உபயோகப்படாத மாடு என்று தீர்மானித்து ஒரு கோடு கிழித்தேன்.

இரண்டாம் நாள் ராவுத்தர் வந்து சொன்னார்.

"சார், இந்த மாட்டுக்கு ஏதோ நோவு. வைக்கோல் போட்டா உடனே வாய் வைக்க மாட்டேங்குது. மூணு தரம் தலையை மேலேயும் கீழேயும் ஆட்டிட்டு அப்புறம்தான் திங்குது."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வைக்கோலைப் போட்டதும் காளை நிமிர்ந்து ராவுத்தரைப் பார்த்தது. மெதுவாக மூன்று முறை தலையை ஆட்டியது. பிறகு குனிந்தது. நான் ஆபீஸுக்குத் திரும்பி, ரிஜிஸ்தரில் 'கழுத்து நடுக்கம் உண்டு' என்று சேர்த்து எழுதினேன். படித்தவன் செய்கிற தப்பு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

ஏழு நாள் ஆயிற்று. நோட்டீஸ் ஒட்டினோம். தண்டோரா போட்டோம். செக்கு வைத்திருந்த ஒரு வாணியர் மட்டும் தினமும் வந்து காளையின் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணைக் கட்டிவிட்டால் நன்றாகச் சுற்றும், சாதுவான மாடு என்று என்னிடம் திருப்தியோடு சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். காய்ச்சலில் அடிபட்ட உடம்பு, பழைய கோட்டு, தலைப்பாகை, தோளில் ஒரு உறுமி மேளம், கக்கத்தில் பெரிய துணி மூட்டை. மேளத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. வீடு வீடாகக் காளையை அழைத்துக்கொண்டு வந்து, மேளத்தைத் தேய்த்து, "இந்த வீட்டம்மாவுக்கு நல்லது நடக்குமா?" என்று கேட்டுத் தலையாட்ட வைத்து, அரிசியும் பழந்துணியும் வாங்கிப்போகிறவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். குழந்தைகளுக்கு அது பூம்பூம் மாடு. பெரியவர்களுக்குப் பெருமாள் மாடு.

நடந்தது இவ்வளவுதான். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் தங்கியிருந்த அன்றைக்கு, காளையின் ஒட்டுத்துணிப் போர்வையையும் கொம்புக் குஞ்சங்களையும் அவிழ்த்து, துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். குளிர்காய்ச்சல் வந்து மரத்தடியில் விழுந்தவர் எழுந்தபோது துணி இருந்தது, மாடு இல்லை. மேற்கே போயிருக்கும் என்று நினைத்து, நடக்கத் தெம்பு வந்ததும் ஜீயபுரம் வரை வாழைத் தோப்பு தோப்பாகத் தேடியிருக்கிறார். திரும்பி வருகிற வழியில் சந்தையில் யாரோ தண்டோராவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சட்டம் சொன்னபடி மேளம் அடித்து, சட்டம் சொன்னபடி ஆள் வந்து சேர்ந்ததை என் உத்தியோக காலத்தில் நான் கண்டது அபூர்வம். சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன்.

"உன் மாடுதானே?" என்றேன்.

"இல்லீங்க சாமி" என்றார். "பெருமாள் மாடு."

வழக்கமான பணிவுப் பேச்சு என்று நினைத்து, அது தெரியும், உரிமையாளர் நீதானே என்று மறுபடி கேட்டேன். இல்லை என்றார். உரிமையாளர் பெருமாள், தான் மாட்டுக்கு ஆள் என்றார். தீனிச் செலவையும் தண்டத்தையும் கட்டத் தயார். எங்கே வேண்டுமானாலும் கைநாட்டு வைக்கத் தயார். 'என் மாடு' என்ற இரண்டு வார்த்தைக்குக் கீழே மட்டும் வைக்கமாட்டார்.

நான் பொறுமையாக விளக்கினேன். இது வெறும் காகிதம், நாளை மறுநாளைக்கு மறுநாள் ஏலம், வாணியர் காத்திருக்கிறார், காளை கண்ணைக் கட்டிக்கொண்டு செக்கைச் சுற்றும், நீ வெறுங்கையோடு நிற்பாய். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கண் கலங்கிற்று. ஆனாலும் தலை அசையவில்லை. ஊர் முழுக்கத் தலையாட்டும் மாட்டை வைத்துப் பிழைக்கிறவர் அவர். அவர் தலை ஒரு நூல்கூட அசையவில்லை.

"சாமி, இந்தக் கன்னைக் குடுத்தவங்க பெருமாளுக்குன்னு நேந்து குடுத்தாங்க. நான் அவரு பேரைச் சொல்லித்தான் கயித்தைப் பிடிச்சேன். இத்தனை வருஷமா வாசல் வாசலா நின்னு, பெருமாள் மாடு வந்திருக்கு தாயீன்னு சொல்லி அரிசி வாங்கியிருக்கேன். இப்ப உங்க காகிதத்துல என் மாடுன்னு போட்டா, அத்தனை வாசல்லயும் பொய் சொன்னவனாயிடுவேனே."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சட்டம் படித்தவர்கள், மேலதிகாரிகள், நிலப் பத்திரத்தோடு வருகிறவர்கள் என்று எத்தனையோ பேருடைய வாக்குமூலங்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் ஒத்துப்போகாது. இந்த மனிதர் பத்து வருஷமாகப் பத்தாயிரம் வாசலில் சொன்னதும் இன்று என் மேஜைக்கு எதிரில் சொன்னதும் ஒரே வாக்கியம். அதைக் காப்பாற்ற மாட்டையே விட்டுக்கொடுக்க நிற்கிறார்.

ராவுத்தர் அவரைப் பவுண்டுக்குள் அழைத்துப்போனார். அவர் உள்ளே நுழைந்ததும் காளை கழுத்தை நீட்டி அவர் கோட்டுப் பையை முகர்ந்தது. அவர் அதன் முதுகிலிருந்த தடியடித் தழும்பைத் தடவினார். நெற்றியில் தேய்ந்திருந்த மூன்று கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்தார். தினமும் திருமண் இட்டு இட்டு மயிர் தேய்ந்த இடம். நான் 'ஆறிய புண்' என்று எழுதிய இடம்.

அன்று வீட்டுக்குப் போகும்போது, காவேரிப் பாலத்தைத் தாண்டுகிற வரை இதே யோசனைதான். தெய்வம் சட்டப்படி ஒரு நபர். அதற்குச் சொத்து இருக்கலாம், அது வழக்கும் போடலாம். நிலத்துக்கு உள்ளது மாட்டுக்கு ஏன் இல்லை? உரிமையாளர் பெருமாள், ஏஜென்ட் இவர். ஆனால் ஏஜென்ட் என்றால் உரிமையாளரிடமிருந்து அதிகாரக் கடிதம் வேண்டும். கோயிலில் போய்க் கேட்டால் இந்த மாடு எங்கள் கணக்கில் இல்லை என்பார்கள், அதுவும் நியாயம்தான். பதினெட்டு விதிகள் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, ஒரு மாட்டை வாசலுக்கு வெளியே விட ஒரு விதி கிடைக்கவில்லை.

ஏலத்தன்று காலையில் பதினைந்து இருபது பேர் கூடியிருந்தார்கள். வாணியர் முன் வரிசையில். ஒற்றை மாட்டு வண்டிக்காரர்கள் நாலைந்து பேர். உழவுக்கு மாடு தேடி எடமலைப்பட்டிப் பக்கமிருந்து வந்த இரண்டு சம்சாரிகள். பாவை இழந்த நெசவுக்காரரும் வந்திருந்தார், காளை என்ன ஆகிறது என்று பார்க்க. எங்கள் ஆபீஸர் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுக்காரர் என்னிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"போறது போகட்டும் சாமி. துணியைப் போட்டு அனுப்பறேன். அம்மணமா அனுப்ப மனசு வரலே."

விதிகளில் அதற்குத் தடை இல்லை. சரி என்றேன்.

அவர் மூட்டையை அவிழ்த்தார். நூறு வீட்டுப் பழம்புடவைகளைச் சதுரம் சதுரமாக வெட்டித் தைத்த போர்வை ஒன்று வெளியே வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை, கிழிந்த ஜரிகைத் துண்டுகள், நடுநடுவே சோழிகள். கொம்புக்குக் குஞ்சம். கழுத்துக்கு மணிச்சரம். முதுகில் மயில்பீலிக் கட்டு. அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கட்டினார். கடைசியில் ஒரு கொட்டாங்கச்சியில் வெள்ளை மண்ணைக் குழைத்து, அந்தத் தேய்ந்த கோடுகளின்மேல் திருமண் இட்டார். காளை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. இட்டு முடித்ததும் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தது.

பதினாலு நாளாக என் கண்முன் நின்றது இந்த மாடுதான். என்னால் நம்ப முடியவில்லை. ஒரு பிடி வெள்ளை மண்ணும் நாலு கிழிசலும் சேர்ந்து இப்படிச் செய்யுமா என்று கேட்டால், செய்யும் என்பதற்கு நான் சாட்சி. எங்கள் ஆபீஸரும் தம் கோட்டைக் கழற்றிவிட்டால் யாராக இருப்பார் என்று யோசித்திருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை. கோட்டு போட்டால் அவர் பெரியவராகத் தெரிவார், அவ்வளவுதான். காளை பெரியதாகத் தெரியவில்லை. அதன் எதிரில் நாங்கள் சிறியவர்களாகத் தெரிந்தோம்.

முதலில் சம்சாரிகள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். நெசவுக்காரர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏலம் கூறுகிறவர் மேளம் தட்டி ஆரம்பவிலை சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னார். ஆபீஸர் வாணியரைப் பார்த்தார். வாணியர் தரையைப் பார்த்தார்.

"என்ன ஓய், தினமும் வந்து தொடையைத் தடவிட்டுப் போனீராமே?" என்று ஆபீஸர் கேட்டார்.

"அப்ப அது மாடுங்க" என்றார் வாணியர்.

வண்டிக்காரர்களில் ஒரு சாயபு இருந்தார். உங்களுக்கு என்ன தடை என்று ஆபீஸர் அவரிடம் திரும்பினார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஏங்க, நம்ம வண்டியில ஏறுறதே ஸ்ரீரங்கத்து சனங்கதான். அவங்க சாமி மாட்டை இழுக்க விட்டுட்டு, பின்னாடி உக்காந்து வருவாங்களா? நானும் ஓட்ட மாட்டேங்க."

மூன்று தரம் கூறியாயிற்று. கேட்பார் இல்லை. கேட்பார் இல்லாத மாட்டை என்ன செய்வது என்று ஆபீஸர் என்னைப் பார்த்தார். நடைமுறை என்று எது வந்தாலும் அவர் என்னைத்தான் பார்ப்பார். வழக்கமாக நான் தலையாட்டுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். அன்று முதன்முதலாக நான் எழுந்து நின்று, உரிமையாளரின் ஏஜென்ட் வந்திருக்கிறார், ஒப்படைத்துவிடலாம் என்றேன்.

"உரிமையாளர் யார்?"

"பெருமாள்."

ஆபீஸர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காளையைப் பார்த்தார். அவரும் திருமண் இடுகிறவர்தான். ஏஜென்டுக்கு அதிகாரம் கொடுத்ததற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி.

மாட்டுக்காரர் மேளத்தைத் தொடவில்லை. அது தரையில் கிடந்தது. கயிறு ராவுத்தர் கையில் தளர்ந்து தொங்கிற்று. அதை நான் பார்த்தேன், ஏனென்றால் பார்ப்பதுதான் என் உத்தியோகம். அவர் காளையின் எதிரில் வந்து, கை கட்டிக்கொண்டு, மேலதிகாரியிடம் கேட்கிறவர் போல மெதுவாகக் கேட்டார்.

"நான் உன் ஆள்தானே, சாமி?"

காளை அவரைப் பார்த்தது. தலையை உயர்த்தி, தாழ்த்தி, மூன்று முறை ஆட்டிற்று. கழுத்து மணிகள் மூன்று முறை ஒலித்தன.

இதெல்லாம் பழக்கம் என்று எனக்குத் தெரியும். எப்படிப் பழக்குகிறார்கள் என்றும் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அவர் குரல் கேட்டால் ஆட்டும், தீனியைப் பார்த்தால் ஆட்டும். எல்லாம் சரி. ஆனாலும் என் கை பேனாவைப் பிடித்திருந்ததே எனக்குத் தெரியவில்லை.

ஆபீஸர் எழுந்து நின்றார். எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். உரிமையாளர்: பெருமாள். இருப்பிடம்: ஸ்ரீரங்கம். தீனிச் செலவும் தண்டமும் பெற்றுக்கொண்டு, ஏஜென்டின் கைநாட்டு வாங்கினேன். அவர் தயங்காமல் வைத்தார், ஏனென்றால் அதற்கு மேலே இருந்தது உண்மை. அதிகாரம் பற்றிய கலத்தில் 'நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். விசாரித்துவிட்டு எழுதியது அன்றைக்குத்தான். சாட்சிக்கு யார் என்று கேட்டபோது நெசவுக்காரர் முன்னால் வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய், தான் அடித்த தழும்பின்மேல் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டார்.

பிறகு நான் பழைய பக்கத்தைத் திருப்பினேன். ரிஜிஸ்தரில் தப்பைத் திருத்த ஒரு முறை உண்டு. சுரண்டக் கூடாது, மை கொட்டி மறைக்கக் கூடாது. தப்பு தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். 'ஆறிய புண்' என்பதை அடித்து, 'திருமண்' என்று எழுதினேன். 'கழுத்து நடுக்கம்' என்பதையும் அடித்தேன். அதற்கு மேலே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. சுருக்கொப்பம் மட்டும் இட்டேன்.

அடுத்த வருஷம் ஆடிட்காரர்கள் வந்தார்கள். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆட்சேபம் எழுப்பினார்கள்: உரிமையாளரின் தகப்பனார் பெயர் விடுபட்டிருக்கிறது. 'விசாரணையில் தெரியவரவில்லை' என்று பதில் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று காலை வாசலில் நடந்ததைத்தான். மாட்டுக்காரர் மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கயிற்றை வாங்கிக்கொண்டார். கூட்டம் தானாக வழிவிட்டது. பட்டி வாசலில் காளை நின்றுவிட்டது. இழுத்தும் நகரவில்லை. திரும்பி, பதினாலு நாள் வைக்கோல் போட்ட ராவுத்தரைப் பார்த்து மூன்று முறை தலையாட்டியது.

உலகத்தில் எதற்கும் ஒரு பதில் வைத்திருந்த ராவுத்தர், நின்ற இடத்திலிருந்தே, மிகவும் மரியாதையாக, தாமும் மூன்று முறை தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் அது வெளியே போயிற்று.